மாரியாத்தாளின் இடது சிறுநீரகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சர்ஜன் கிஷனோடு சண்டை. அன்னூர் மாரியாத்தாள் தன் மகள் லோகப்பிரியாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்திருக்கிறார். சி.டி. ஸ்கேன் எடுக்க இவருக்குச் சாய மருந்து ஏற்ற முடியாது. முன்பு வேறெங்கோ ஏற்றி, மூச்சு முட்டிச் சாகப் பிழைக்கக் கிடந்தவர். சாயமே இல்லாமல் எம்.ஆர்.ஐ.யில் நீளம், அகலம், ரத்தக்குழாய் எல்லாம் அளந்து தருகிறேன் என்றேன்.

"தெளிவாக் காட்டுங்க கோமளா, கத்தியை எடுக்கறேன். இல்லாட்டி இந்தம்மா வேண்டாமுங்க" என்றார் கிஷன்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 6

படம் படுமோசம். வலது பக்கம் இரண்டு குழாய், அது ஆகாது. இடது பக்கம் ஒன்றா, இரண்டா? பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு. இரண்டென்றால் தொடமாட்டேன் என்கிறார் கிஷன்.

மாரியாத்தாள் மூச்சை அடக்கத்தான் செய்கிறார். ஆனாலும் எங்கோ அசைகிறது. டெக்னீஷியன் ரசாக்கிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 7

கண்டுபிடித்துவிட்டேன்!

காதை அடைத்துக்கொண்டு நானே மெஷின் அறைக்குள் போய் மாரியாத்தாளின் தலைமாட்டில் நின்றேன். "மூச்சைப் புடிச்சு நிறுத்துங்கம்மா" என்று ரசாக் மைக்கில் சொன்னார். அந்தம்மா இழுத்துப் பிடித்தார். மெஷின் தடதடத்ததும் உதடு அசைந்தது: "சரிங்க." ஒவ்வொரு முறையும்! அந்தச் சத்தத்தில் வெளியே யாருக்குக் கேட்கும்?

"ஏனுங்கம்மா, பேசக் கூடாதுன்னு சொன்னமே?"

"பேசவே இல்லீங்களே அம்மணி, சரிங்கன்னு மட்டுந்தான். அந்தத் தம்பி அத்தனை மரியாதையாச் சொல்லுது, பதில் சொல்லாம கெடந்தா நல்லாருக்குமுங்களா?"

சிரிப்பதா, அழுவதா! "அத்தனை சரிங்களையும் சேத்து வெச்சு வெளிய வந்து சொல்லுங்க" என்றேன்.

அடுத்த படம் கண்ணாடி மாதிரி. இடது பக்கம் ஒரே குழாய். அந்த இன்னொரு கோடு, "சரிங்க" சொன்ன அசைவுதான். கிஷன் திரையை முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, "தேதி குறிச்சரலாமுங்க" என்றார். குதிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

ஏப்ரல் 9

தியேட்டரிலிருந்து கிஷனே போன். "ஒரே குழாய்தானுங்க. நீங்க அளந்தது அப்படியே இருக்குது." தைத்து முடித்ததுமே மகளுக்கு மூத்திரம் வந்துவிட்டதாம். வராந்தா என்றும் பார்க்காமல் ரசாக்கோடு கூச்சல் போட்டேன். ஜெயித்துவிட்டோம்!

ஜூலை 14

மாரியாத்தாள் செக்கப்புக்கு வந்தார். கூடவே லோகப்பிரியா. டயாலிசிஸ் நாட்களில் மடக்கு மடக்காகக் கணக்குப் பார்த்துத் தண்ணீர் குடித்தவள், பாட்டிலை அண்ணாந்து காலி செய்தாள். அம்மாவுக்கு மிச்சமிருக்கும் சிறுநீரகம், இரண்டின் வேலையையும் ஏற்று, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. நல்ல வளர்ச்சி.

இன்று மெஷினுக்குள் உதடு அசையவே இல்லை. வெளியே வந்ததும் ரசாக்கைத் தேடிப் போய் நின்று சொன்னார்: "சரிங்க தம்பி. சரிங்க. சரிங்க."