உபைது முடுக்கிய மூன்று போல்ட்டுகள்

விருதுநகர்
சனிக்கிழமை

அன்பு மகள் தஹ்மீனாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், வீடு திரும்பிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதினால் இப்போதைக்கு இவ்வளவுதான் அர்த்தம். நீ அங்கே டப்ளின் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அத்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. இதை நீ மட்டும் படி.

வெயில் இந்த வருடம் மாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு முடிந்தது, பிள்ளைகள் வழக்கம்போல் குடுவைகளை உடைத்தார்கள். சிவகாசி அச்சகங்களில் காலண்டர் சீசன் ஓய்ந்ததால் அத்தாவின் கழிவுப் பேப்பர் குடோனுக்கு லோடு குறைவு. உன் சின்னத்தா சம்சுவின் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள், பையன் காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான், குடிப்பழக்கம் இல்லை என்று நாலு பேர் சொன்னார்கள், நாலு பேர் சொன்னால் நான் ஐந்தாவது ஆளிடமும் கேட்பேன் என்று உனக்குத் தெரியும். குடோனில் வேலை இல்லாத நாட்களில் அத்தா வீட்டுப் பக்கத்து ஷெட்டிலேயே இருக்கிறார். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அந்த ஹெரால்டு காரைக் கேட்டு வருகிற கேரளாக்காரரிடமே கொடுத்துத் தொலையுங்கள், அதுதான் அத்தாவைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். அத்தா எழுந்து போனது உனக்குத் தெரியாது. காரை விற்கச் சொன்னதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை. சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த அந்த வண்டியை உன் தம்பி உபைதும் அத்தாவும் லாரியில் ஏற்றி வந்து இறக்கியபோது, இரும்புக் கடைக்குப் போக வேண்டியது வழி தவறி வந்திருக்கிறது என்று சொன்னவள் நான்தான். ஆனால் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தபோது துரு அதிகமில்லை. நம் ஊர் வறட்சியால் வேறு யாருக்கும் பிரயோசனம் இல்லை, பழைய காருக்கு இருக்கிறது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறும் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயுமே, உபைது டயர் மேல் உட்கார்ந்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான், அத்தா ஸ்பானரை நீட்டிக்கொண்டே திட்டிக்கொண்டிருப்பார். நீ அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். பாதிதான் பார்த்திருப்பாய்.

உபைது மவுத்தாகி, நம்மை விட்டுப் போய், வருடப் பாத்திஹாவும் ஓதி முடித்தாயிற்று. அதற்குப் பிறகு அத்தா அந்த வண்டியை நிறுத்தவில்லை, தினமும் காலையில் சூலக்கரை வரை ஓட்டிவிட்டு வருவார். போகும்போது பின்சீட்டில் தண்ணீர்க் கேன். ஏனென்றால் எஞ்சினில் தண்ணீர் ஓடச் செய்கிற பம்ப் ஒழுகுகிறது, கொஞ்ச தூரம் போனால் சூடு காட்டுகிற ஊசி சிவப்பைத் தொட்டுவிடும், நிறுத்தி, ஆறவைத்து, ஊற்றிக்கொண்டு திரும்புவார். ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டால் சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்பார். நானும் நம்பினேன், அல்லது நம்புவது சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் முன்னால் கலெக்டர் ஆபீஸ் தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. அவசரத்தில் அத்தா ரேடியேட்டர் மூடியைத் திறக்க, கையில் ஆவி அடித்துவிட்டது. பயப்படாதே, முழங்கைக்குக் கீழே தோல் உரிந்தது, இப்போது ஆறிவிட்டது, உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. மெக்கானிக் தங்கச்சாமிதான் கயிறு கட்டி இழுத்து வந்தார். நம் வாசலில் இறங்கியதுமே, “என்ன பாய், கார் ஓட்டுறீகளா, இல்ல டீக்கடைக்கு வெந்நீர் சப்ளை பண்றீகளா” என்று கேட்டார். அத்தா சிரிக்கவில்லை. “மூணே போல்ட்டு. நீங்க ஒரு டீ குடிக்கங்குள்ள கழட்டி மாட்டிருவேன்” என்று அவர் ஸ்பானரை எடுத்தார். “அங்கன கை வைக்காதலே, சாமான் வரணும்” என்றார் அத்தா. “எம்புட்டு நாளா வருது அந்தச் சாமான், கோயம்புத்தூர்ல இருந்து நடந்தா வருது” என்று கேட்டுவிட்டு, அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், “டீச்சர், இன்னொரு மட்டம் கொதிச்சா எஞ்சின் மண்ட வளஞ்சிரும். அப்புறம் அந்தத் தம்பி செஞ்ச வேல ஒண்ணுகூட மிஞ்சாது, சொல்லி வையிங்க” என்றார்.

அந்தத் தம்பி என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பம்ப்தான் உபைது கடைசியாகக் கை வைத்த இடம். அத்தா லோடு எடுக்க சிவகாசி போயிருந்த அன்று, அவர் வருவதற்குள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று தனியாக மாட்டினான். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் வைக்கிற பேக்கிங்கை என் சமையலறைக் கத்தரிக்கோலால்தான் வெட்டினான், கத்தரிக்கோலைக் கெடுத்தான் என்று நான் சத்தம் போட்டேன். அதைக் கடையில் விற்கிற பேக்கிங் பேப்பரில் வெட்டவில்லை. அச்சு மெஷின் உருளையில் சுற்றி வருகிற ரப்பர் துணி இருக்கிறதே, பிளாங்கெட், கழிவுப் பேப்பரோடு அதுவும் நம் குடோனுக்கு வந்து குவியுமே, நம் வீட்டில் கிரைண்டருக்கு அடியிலும் கட்டில் காலுக்கும் வாசல் மிதியடிக்கும் எல்லாவற்றுக்கும் அதுதானே, அதில் ஒரு துண்டு. வேறு வீட்டுப் பிள்ளைக்கு இந்த யோசனை வந்திருக்காது. மையையும் எண்ணெயையும் அது தாங்கும். கொதிக்கிற தண்ணீரில் ரப்பர் தனியாகத் துணி தனியாகப் பிரிந்துவிடும். ராத்திரி திரும்பி வந்த அத்தா, மறுநாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் உபைது பைக்கை எடுத்துக்கொண்டு சாத்தூர் போனான்.

அத்தாவுக்கு ஆரம்பத்திலிருந்தே காரணம் தெரியும், தஹ்மீனா. அவன் முடுக்கியதை அவிழ்க்க மனமில்லாமல் தினமும் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். உன் சின்னம்மா வண்டிக்குத் தாயத்து கட்டினால் கொதிப்பு அடங்கும் என்று ஒருவரை அழைத்து வரப் பார்த்தாள், வந்தால் முதலில் பம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள், பிறகு தாயத்தைப் பார்க்கலாம் என்றேன். அவளுக்குக் கோபம். எனக்கு இன்னொன்றும் பிடிக்கவில்லை. அன்றைக்கு மய்யித்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கமான பிள்ளை, அதிர்ந்து பேசாத பிள்ளை என்றார்கள். நாமும் அதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி, இந்த வீட்டில் இப்போது ஒரு நல்ல பிள்ளையின் படம் தொங்குகிறது. அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பெற்றவன் இரண்டு பேப்பர் அரியர் வைத்தவன், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவன், பெட்ரோலுக்கு என்று வாங்கி பரோட்டா தின்கிறவன். நான்கு வழிச்சாலையில் லாரியை இடப்பக்கமாக முந்தப் போனது அவன்தான் என்று போலீஸ்காரர் சொன்னார், நாம் மூன்று பேரும் அதைக் காதில் வாங்காதவர்கள் மாதிரியே இருந்துவிட்டோம். இன்றுவரை அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அத்தா ஷெட்டில் கிரைண்டிங் மெஷினை ஓடவிடுகிறார்.

அதனால் ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது நேராகச் சொன்னேன், உபைது அந்தப் பேக்கிங்கைத் தப்பாகப் போட்டிருக்கிறான், தப்பு அவனுடையது, அதைக் கழற்றுங்கள் என்று. அத்தா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். “மவுத்தான புள்ள மேல குத்தம் சொல்றியே, சல்மா” என்றார். நான், “உசிரோட இருந்தப்ப தெனமும் நீங்கதான சொன்னீக” என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. சம்சு வந்து, அண்ணி, படிச்சவங்க இப்படி ஈரமில்லாமப் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். இருக்கலாம். எனக்கும் அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஷெட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், “சல்மா, இங்கன வந்து லைட்டப் பிடி” என்று கூப்பிட்டார். தண்ணீரை வடித்து வைத்திருந்தார். முதல் போல்ட் அசையவே இல்லை. ஸ்பானரில் தொங்கித்தான் திருப்பினார். “காளமாட்டுப் பய, எம்புட்டு முடுக்கு முடுக்கியிருக்கான் பாரு” என்றார். இரண்டாவதும் அப்படியே. அப்போது ஆரம்பித்தார், என்னிடம் இல்லை, எஞ்சினிடம் குனிந்தபடி. “ஏலே, அன்னைக்கே சொன்னேன்ல, தண்ணி ஓடுற எடத்துக்கு பிளாங்கெட் ஆவாது, பேப்பர்ல வெட்டுலேன்னு. கேட்டியா நீ. அத்தா வார வரைக்கும் பொறுக்க முடியல. எல்லாத்துலயும் அவசரம். முன்னால லாரி போனா பின்னால போவத் தெரியாதாலே உனக்கு.” நெற்றியை வண்டியின் தகட்டில் வைத்து நின்றார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரைத் தொட்டிருக்கலாம், தொடவில்லை. அவர் அழுவதைக் கெடுத்துவிடுவேனோ என்று இருந்தது. மூன்றாவது போல்ட்டைப் பிறகு கழற்றினார்.

பேக்கிங் நான் நினைத்த மாதிரியே ஏடு ஏடாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்தார். பத்திரப்படுத்துவார் என்று நினைத்தேன், எண்ணெய்த் துணியோடு சேர்த்துக் குப்பை டின்னில் போட்டார். நானும் அதை எடுக்கவில்லை. புதிதாகப் பேப்பரில் வெட்டி, கிரீஸ் தடவி, அளவாக முடுக்கினார். கோயம்புத்தூரிலிருந்து எதுவும் வரவில்லை, எதுவும் சொல்லியனுப்பவும் இல்லை.

மறுநாள் என்னை ஏற்றிக்கொண்டு சூலக்கரை தாண்டியும் போனார். ஊசி நடுவிலேயே நின்றது. திரும்பி வந்து இறங்கியதும், “அவன் கடைசியா கை வச்ச எடம் அதான், அதுவும் போச்சு” என்று மட்டும் சொன்னார். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது, அதுதான் என் புதுக் கவலை. காலையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, ஷெட் வாசலில் வந்து நிற்கிறார், என்ன செய்வதென்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறார். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று தெரியாது. ஆகையால் வண்டியை விற்கச் சொல்லி நீ இனிமேல் எதுவும் சொல்லாதே. கொடுப்பதென்றாலும் வைத்திருப்பதென்றாலும் அவரே சொல்லட்டும்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காபியிலேயே பொழுதைக் கழிக்காதே. மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல துணையையும் நிம்மதியான தூக்கத்தையும் தருவானாக.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு நீ கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை எனக்காக ஒன்று செய். உன் புதுச் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் கோணியில் கட்டி உபைது ஒளித்து வைத்தானே, நீ பரீட்சைக்கு நடந்து போனாயே, அந்தப் பேச்சை எடு. தம்பியை நன்றாகத் திட்டு. அத்தா அவனுக்குப் பரிந்துகொண்டு வருவார். வரட்டும், நீ விட்டுக்கொடுக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
உம்மு சல்மா