மூன்றாவது வளைவுச் செடி

அக்காவுக்கு,

நாம் இருவரும் செடிகளுக்குப் பெயர் எழுதிவைத்த காட்டுப் பாதையில், மூன்றாவது வளைவுப் பலகையை இன்று கழற்றிவிட்டேன். அந்தப் பாறையோரச் செடிக்கு நான் எழுதிய பெயர் தவறு. வேறொரு பெயரைச் சொல்லி, "பூக்கட்டும், பொறுடி அவசரக்குடுக்கை," என்று அன்றே சொன்னாய். இலையைப் பார்த்தாலே தெரியும் என்று அடம்பிடித்தேன். ஆறு வருடம் கழித்து இப்போதுதான் பூத்திருக்கிறது. வெள்ளைப் பூ, உள்ளே ஊதாக் கோடுகள். நீ சொன்ன செடியேதான்.

அத்தானை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, "சரிப்பட்டு வராதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னவளும் நான்தான். அதை நம்பித்தான் உன் கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

பூ பத்து நாள் நிற்கும். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. புதுப் பலகையை வெறுமையாக வைத்திருக்கிறேன். பெயரை நீதான் எழுத வேண்டும்.

உன்
அவசரக்குடுக்கை