சாலிஹாவின் வயிறு

12 ஏப்ரல், சனி

இன்று சாலிஹா வீட்டில் நோன்பு திறக்கும்போது இருந்தவர்கள்: நான், என் தங்கை சாலிஹா, அவள் மாப்பிள்ளை சதக்கத்துல்லா மச்சான், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அவர்கள் மகன் கபீர், என் பேத்தி யும்னா. நாளைக்கு யாராவது ‘நான் அங்கன இல்லவே இல்ல’ என்று சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

பெருநாள் முடிந்தும் சாலிஹா ஆறு நோன்பு பிடிக்கிறாள். பகலெல்லாம் பட்டினி கிடந்தவள் நாலு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். “போதும் லாத்தா, வயிறு நெறஞ்சிருச்சு” என்றாள் என்னிடம். ரமலான் முழுக்க இதே கதைதான். “கொஞ்சத்துலயே நெறையுது பாத்தியளா, அதான் அல்லா தர்ற பரக்கத்து” என்றார் மச்சான். எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னோம். நானும்தான்.

யும்னா மட்டும் சொல்லவில்லை. “சின்ன உம்மம்மா, திங்கிறது இம்புட்டு, வயிறு மட்டும் எப்புடி அம்புட்டு? ஸ்கேன் எடுங்கன்னு போன மாசமே சொன்னேன்.”

“போடி. ஒங்க உம்மம்மா வயித்தப் பாத்துட்டு என் வயித்தப் பேச வா” என்று என்னைக் காட்டினாள் சாலிஹா.

சிரித்தோம். ஆனால் அவள் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்து விட்டிருப்பதை நான் பார்த்துவிட்டேன். என்னிடம் சொல்லாமல் பிரித்திருக்கிறாள். இந்த வயது வரை என்னிடம் சொல்லாமல் அவள் எதைச் செய்திருக்கிறாள்?

17 ஏப்ரல், வியாழன்

ராமநாதபுரத்தில் ஸ்கேன். வயிற்றுக்குள் தண்ணீர் நிற்கிறதாம். மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் யும்னா ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது ‘நோன்பு முடியட்டும்’ என்றவர் மச்சான். ‘நான் வந்து பாத்துக்கிறேன்’ என்று போனில் சொன்னவன் கபீர். மறக்க மாட்டேன்.

25 ஏப்ரல், வெள்ளி

மதுரை. சினைப்பையில் புற்றுநோய். டாக்டர் அம்மா சின்ன வயசு, பொறுமையானவர். கபீர் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கேட்டேன், “ஏம்மா, இது எங்க ஆரம்பிச்சு எங்கெல்லாம் போயிருக்கு?”

ஒரு தாளில் வயிறு வரைந்து காட்டினார். ரத்தத்தில் ஏறி ஓடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது முதலில் அப்படிப் போகாதாம். சினைப்பையிலிருந்து உதிர்கிற அணுக்கள் வயிற்றுக்குள் இருக்கிற நீரில் மிதந்து போய், இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம். குடலின் மேலே. ஈரலின் வெளிப்புறத்தில். மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற சதைத் தடுப்பின் அடியில். அதிகமாக ஒட்டுவது குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில்.

“வல மாதிரி இருக்குமேம்மா, பெருநாளைக்கு அறுக்குற குர்பானி ஆட்டுல, கொடல மூடிக்கிட்டு? அதா?”

“அதேதாம்மா.”

எத்தனை பெருநாளைக்கு அதை இந்தக் கையால் பிரித்தெடுத்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். சாலிஹாவுக்குள்ளேயும் அது இருக்கிறது. அதில் ரவை ரவையாக — வேண்டாம்.

தண்ணீர் சேர்ந்து இரைப்பையை நெருக்கியதால்தான் நாலு வாயில் வயிறு நிறைந்ததாம். பரக்கத்தாம், பரக்கத்து!

26 ஏப்ரல்

மச்சான் மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிக்கவில்லை, டீ கொடுத்தேன்.

24 மே

முதலில் கீமோ மருந்து, கட்டி சுருங்கினால் அறுவை என்று முடிவு. இரண்டு தடவை ஏற்றியாயிற்று. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது.

“சீப்ப நீயே வச்சுக்க லாத்தா.”

“எனக்கு எதுக்குடி?”

“அதுவுஞ் சரிதான். ஒனக்கும் எங்க இருக்கு முடி?”

கழுதை. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

7 ஜூன், ஹஜ்ஜுப் பெருநாள்

குர்பானி ஆட்டின் குடல் சட்டி வந்தது. மேலேயே அந்தத் திரை கிடந்தது. என்னால் தொட முடியவில்லை. யும்னா ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

9 ஜூலை, புதன்

நாளை அறுவை. பயணம் போகிறவர்கள் செய்வதுபோல, சாலிஹா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“லாத்தா, நான் எதுவும் தப்புச் செஞ்சிருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிரு.”

“எதுக்குன்னு மன்னிக்க? என் கொழும்புச் சேலயக் கட்டிட்டுப் போயி ஆணியில கிழிச்சதுக்கா?”

“அது தெரியுமா ஒனக்கு?”

“அன்னைக்கே தெரியும். தையலப் பிரிச்சுவிட்டுட்டு என்கிட்டச் சொல்லாம இருந்தியே, அதுக்கா?”

“சொன்னா நீ பயந்துருவியேன்னு…”

“மன்னிக்க மாட்டேன் போ.”

“பெரியும்மா, இந்த நேரத்துல போயி —” என்றான் கபீர்.

“நீ சும்மா இருலே. ஒன்னயவே நான் இன்னும் மன்னிக்கல.”

சாலிஹா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எல்லோரிடமும் விடுபட்டுவிட்டால் அவளுக்கு நிம்மதி வந்துவிடும். நிம்மதி வந்தால் போய்விடுவாள். எப்படி விடுவேன்?

“வீட்டுக்கு வந்து கேளு. அப்ப யோசிக்கிறேன்.”

11 ஜூலை

கர்ப்பப்பை, சினைப்பைகள், அந்தக் கொழுப்புத் திரை எல்லாம் எடுத்தாயிற்று. சதைத் தடுப்பின் அடியில் ஒட்டியிருந்ததையும் உரித்தார்களாம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டது, தெரியாததற்கு இன்னும் மூன்று தடவை மருந்து.

கண் திறந்ததும் என்னைத் தேடினாள். “மன்னிச்சியா?”

“இல்ல.”

உதட்டோரம் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

18 செப்டம்பர்

கடைசி மருந்து முடிந்தது. ஊர் வந்து சேர்ந்தோம்.

14 டிசம்பர், ஞாயிறு

சாலிஹா உம்ராவுக்காக மக்கா புறப்பட்டாள், மச்சானோடும் கபீரோடும். ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. திரும்ப வரக்கூடிய நோய்தான், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

காலையில் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கடைசியாக என் வீடு.

“இப்பவாச்சும் சொல்லேன் லாத்தா. அல்லாவோட வீட்டுக்குப் போறேன்.”

“பையில இஞ்சி மொரப்பா வச்சிருக்கேன். வண்டியில ஒனக்குத் தல சுத்தும்.”

“நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?”

“போயிட்டு வான்னு சொல்றேன்.”

கார் போன பிறகும் வாசலிலேயே நின்றேன்.

மச்சானை இன்று மன்னித்தேன். வயசான மனுசன், அவள் செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டார். கபீரையும் மன்னித்தேன், உம்மாவின் கையை விடாமல் பிடித்துக் கூட்டிப் போனான். இனி நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். சாலிஹா.