சுவரோரத்துத் தூள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டும் நடமாடிக்கொண்டும்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போன வாரம் போனில் கேட்டாயே, குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் கிடப்பதெல்லாம் அவள் வாய்க்குப் போகிறது, கையில் பிடித்துச் சுத்தம் செய்கிற வயர் இல்லாத வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்கவேண்டும், நீங்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்று. அன்று நான் உளறிக்கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். உண்மையில் நான் எதிர்வீட்டுப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டதே வேறொன்று சொல்லத்தான், நீ சிரித்துச் சிரித்துப் பேசவும் வாக்குவம் பேச்சோடு நிறுத்திக்கொண்டேன். நம் வீட்டுப் போனில் பேசலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் கடிதம். நாளைக்கு எதிர்வீட்டு மருமகள் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் உன்னிடம் வந்துவிடும். எதிர்வீட்டில் மறுபடி போய்ப் பேசினால் அழுதுவிடுவேன், எழுதினால் அழமாட்டேன், அது இன்னொரு காரணம்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் அப்பா வழக்கம்போல இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு, அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "லோடு இழுக்கிற எஞ்சின் மாதிரி இருக்கு, இதையே எடு" என்றார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்கு எல்லாமே எஞ்சின்தான். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கையை நேராக நீட்டிப் பிடித்து, மனசுக்குள் நூறு வரை எண்ணினேன். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு எதிரே கருவியை நீட்டிக்கொண்டு நின்ற கை இது, எண்பதுக்கு முன்னால் நடுங்கினால் அது நமக்கு ஆகாது. நீயும் அப்படியே பார், எடையை அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதே. பேட்டரி தனியாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், இரண்டு வருஷத்தில் அது தளர்ந்துவிடும், அப்போது மெஷினையே தூக்கிப் போடவேண்டியதில்லை. அரை மணி நேரம் ஓடும் என்று எழுதியிருப்பார்கள், வேகத்தைக் கூட்டினால் பத்து நிமிஷம்கூட நிற்காது, விற்கிறவரிடம் அந்த வேகத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லு. ஃபில்டரைக் கழுவலாமா என்று கேள், கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிடு, ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் எடுக்கும். சந்துபொந்துக்குள் போகிற ஒடுக்கமான மூக்கு ஒன்று கூடவே வரவேண்டும். தூசி சேருகிற கிண்ணம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறதாக இருக்கட்டும், என்ன சேருகிறது என்று நமக்குத் தெரியவேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் எனக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

வீட்டுத் தூசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருக்கும், தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் அறையில், நீ படிக்கிற காலத்தில் மேஜை போட்டிருந்த சுவரோரத்தில், வேறு மாதிரி ஒரு தூள் வந்தது. வெள்ளையாக, விரலில் வைத்துத் தேய்த்தால் நறநற என்று. காலையில் எடுத்தால் மறுநாள் காலையில் அதே இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல் கிடக்கும். முதலில் வாரத்துக்கு அரைக் கிண்ணம் சேர்ந்தது. பிறகு நாளுக்கு ஒரு கிண்ணம், அதற்கு மேலே சுவரில் ஒரு விரிசலும் தெரிந்தது. கீழ்த்தளத்தில் சோபா கடைக்காரர் தன் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்து ஒரே கடையாக்கியது உனக்குத் தெரியாது. அதைச் செய்து எட்டு நாள் கழித்துத்தான் தூள் ஆரம்பித்தது. நான் போய்க் கேட்டேன். "அது சும்மா தடுப்புச் சுவரும்மா, அதுக்கும் மேல இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, வாங்க, புது சோபாவுல உக்காந்து பாருங்க" என்றார். அந்தக் கடை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் சுவர் நேராக அவர் தலைக்கு மேலே இருந்தது, அதைக் கீழிருந்து தாங்க இப்போது ஒன்றுமே இல்லை.

பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நானேதான் கட்டிட அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நீயும் குழந்தையும் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வருகிறீர்கள் என்று அப்பா அந்த அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் உன் அறைச் சுவருக்குப் பட்டி பார்த்து, இளமஞ்சள் பெயின்ட் அடித்து, விரிசல் இருந்த இடமே தெரியாமல் ஆக்கியிருந்தார். சரி, தூள் இருக்கிறதே, அது போதுமே சாட்சிக்கு. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் தியேட்டரில் ஒரு பொட்டுத் தூசி இருக்க விட்டிருக்கிறேனா இத்தனை வருஷத்தில்? காலையில் எழுந்ததும் கை தானாக மெஷினை எடுத்துவிட்டது. சுவரோரம் முழுக்க இழுத்தேன், ஒடுக்க மூக்கை மாட்டி, தரையும் சுவரும் சேருகிற இடத்தில் பொரிந்து நின்றதைக்கூட விடாமல் உறிஞ்சி எடுத்தேன், கிண்ணத்தைக் குப்பையில் தட்டினேன், குப்பை வண்டியும் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஈரத் துணியால் துடைத்தும் வைத்தேன். பத்து மணிக்கு அதிகாரி வந்து, சுவரில் விரலைத் தேய்த்து, விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஆபீஸ்கூட இவ்வளவு சுத்தமா இல்லையேம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூளைப் பற்றி வாய் வலிக்கச் சொன்னேன், எங்கே காட்டுங்கள் என்றார், காட்ட ஒரு சிட்டிகை இல்லை. விரிசல் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாளின் நகலைச் சோபா கடைக்காரர் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். மறுபடி அலுவலகத்துக்குப் போனேன், ஒரு தடவை பார்த்த கட்டிடத்தை ஆறு மாதம் கழித்துத்தான் பார்ப்பார்களாம்.

நாலே நாளில் பட்டி பிளந்துகொண்டது. விரிசலுக்குக் குறுக்கே நான் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை மூன்று இடத்தில் ஒட்டித் தேதி எழுதினேன். இரண்டாம் நாள் மேலே இருந்தது கிழிந்திருந்தது, ஐந்தாம் நாள் மூன்றும். புதுப் பிளாஸ்திரி ஒட்டினேன், நேற்று ஒட்டியது இன்று கிழிந்துவிட்டது. மெஷின் இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரம்புகிறது. போன வாரத்திலிருந்து உன் அறைக் கதவு மூட மறுக்கிறது, கீழே தரையில் இடிக்கிறது, மேலே ஒரு விரல் நுழைகிற சந்து. அப்பா இழைப்புளி வாங்கி வந்து கதவின் அடியை இரண்டு தடவை இழைத்துவிட்டார். "மழைக்கு மரம் ஊதியிருக்கு, இதுக்குப் போய் பயப்படுறியே" என்கிறார். இரண்டு மாதமாக மழையே இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். லாரி ஓடும்போது எந்தச் சக்கரத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுகிற மனுஷர். மத்தியானம் சாப்பிடும்போது உன் அறைக்குள்ளிருந்து யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. நான் நிமிர்ந்து பார்ப்பேன், அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அவருக்கும் கேட்கிறது, எனக்குத் தெரியும்.

மேல்மாடித் தையல்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை, வந்து விரிசலில் கையை வைத்துப் பார்த்தார், அன்று சாயங்காலமே மூன்று பிள்ளைகளையும் மனைவியையும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார், மறுநாள் அவரும் போய்விட்டார். இப்போது மேலே சத்தமே இல்லை. பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன், இப்போது அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே கடையில் மட்டும் தினமும் ஆட்கள் வந்து சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வாசலில் நின்று உள்ளே போகாதீர்கள் என்று சொன்னேன், கடைக்காரர் எல்லாருக்கும் முன்னால் அந்தத் தாளைக் காட்டி, "பாவம், வயசாச்சு" என்றார். அடி, எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். கிழித்து என்ன? அதில் எழுதியிருப்பது என் கை செய்த வேலை.

என்னோடு வேலை பார்த்த வார்டு சிஸ்டர் தன் வீட்டில் இரண்டு அறை ஒழித்து வைத்திருக்கிறாள், இரண்டு பை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்திருக்கிறேன். அப்பா அசையமாட்டேன் என்கிறார். "அதிகாரியைவிட உனக்கு அதிகமா தெரியுமோ? பேத்தி மொதல் தடவையா வர்ற நேரத்துல வீட்டைப் பூட்டிட்டு எவ வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?" என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். நீ போறதுன்னா போ என்கிறார். அவரை இங்கே விட்டுவிட்டு என்னால் எப்படிப் போகமுடியும்? இப்போது குழந்தைக்கு ஒரு சின்னக் கட்டில் அவரே செய்துகொண்டிருக்கிறார், அதை எங்கே போட்டிருக்கிறார் தெரியுமா, அந்தச் சுவரை ஒட்டி. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து கட்டிலுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். தூள் விழுந்தால் என் கட்டில் தூள்தான் என்கிறார்.

அதனால் கண்ணு, நான் கேட்கப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். உன் அப்பா என் பேச்சையும் கேட்கமாட்டார், அதிகாரி பேச்சை வைத்துக்கொண்டு ஊர் பேச்சையும் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். ஆனால் கெஞ்சாதே, கெஞ்சினால் உனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். விரிசலைப் பற்றி வாதம் செய்யாதே, அதில் அவர் ஜெயித்துவிடுவார். அந்த வீட்டுக்கு என் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன், அந்த வீட்டில் நீங்கள் இருக்கிறவரை அவளை உங்கள் கண்ணில் காட்டமாட்டேன் என்று சொல்லு. இந்த வார்த்தையையே சொல்லு. பிறந்ததிலிருந்து நீ அவரை எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும், குரல் நடுங்கினாலும் சொல்லு. அவர் போனை வைத்துவிடுவார். ஒரு மாதம் உன்னோடு பேசாமல்கூட இருப்பார். கட்டிலை எட்டி உதைப்பார். மனசு உடைந்துபோவார், உடையட்டும், அதை ஒட்டவைக்க நான் பக்கத்தில் இருப்பேன். விமான டிக்கெட்டை மட்டும் இப்போது ஒன்றும் செய்யாதே, நாங்கள் வெளியே வந்ததும் சிஸ்டர் வீட்டு விலாசம் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, மறைக்காதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், அந்தச் சின்னக் கன்னத்தில் என் முத்தம். இன்னொன்று, மறக்காதே. கடிதம் கைக்கு வந்த மறுநிமிஷமே நம் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு, இங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்க்காதே, மாப்பிள்ளை வேலை முடித்து வரட்டும் என்றும் காத்திருக்காதே. போன் உன் அறையில் அவர் பக்கத்திலேயேதான் இருக்கும். மணி அடித்து அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் உடனே எதிர்வீட்டுக்குக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா