விரலுக்குப் பின்னால் வந்த சத்தம்

பிப்ரவரி 3
தொண்டை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "புத்துநோய்தான். குரல்வளையை எடுத்தாகணும். இருபதாம் தேதி வெச்சுக்கலாம்." அதன் பிறகு என் வீட்டுக்காரருக்குப் பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. பஸ் கண்டக்டராகக் காலமெல்லாம் கத்தியும் கெடாத தொண்டை!

வெளியே வந்ததும் இவர் கேட்டது ஒன்றுதான். "நீ ஆர்கன் வாசி. நான் ஒரே ஒரு பாட்டு பாடிடறேன். பதிஞ்சு வெச்சுக்கோ." நான் ஆர்கன் வாசிக்கும் சர்ச்சுக்கே போய்ப் பதியலாம் என்றேன். மாட்டாராம். "எல்லாரும் ஐயோ பாவம்னு பாப்பாங்க."

பிப்ரவரி 4
கொழுந்தன் வந்து என் கீபோர்டைக் கணினியோடு இணைத்தான். கட்டையை அழுத்தினால் கணினிக்குள் இருக்கும் ஆர்கன் ஒலிக்கிறது. அசல் சர்ச் ஆர்கனேதான், உடம்பு சிலிர்த்தது. ஒயர் தொல்லை வேண்டாம் என்று ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் அழுத்திக் கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. சத்தத்துக்காக இவர் காத்திருக்கிறார், இவருக்காக நான் காத்திருக்கிறேன். வாசற்படியில் "நீங்க முதல்ல போங்க" என்று நிற்கும் இருவரைப் போல. பாட்டு இழுத்து இழுத்து நின்றே போனது.

"இது முடியறதுக்குள்ள ஆபரேஷனே முடிஞ்சிடும்" என்றார். சிரித்தோம். பதிவை அழித்தேன். ஆர்கன் ஒலிகளே கணினியை அடைத்துக்கொண்டிருக்கின்றன, குப்பைக்கு இடமில்லை.

பிப்ரவரி 6
கொழுந்தன் போனில் விளக்கினான். கணினி சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடுமாம். அதுதான் பஃபர். "அதக் குறைங்க அண்ணி, சரியாயிடும்."

குறைத்தேன். தாமதம் அப்படியே இருக்க, இப்போது சத்தம் வேறு படபடவென்று வெடிக்கிறது. இவர் நன்றாகத்தான் பாடினார். பாதியில் நான்தான் நிறுத்தினேன். அழித்தேன்.

பிப்ரவரி 9
கணினியில் ஒலிக்கான டிரைவர் மென்பொருளையும் மாற்றியாயிற்று. ஒன்றும் மாறவில்லை. சனியன்.

பிப்ரவரி 11
இன்று குரல் தெளிவாக இருந்தது. மேல் ஸ்தாயியில்கூடப் பிசிறவில்லை. ஆர்கன் மட்டும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது.

"பரவால்ல, இதையே வெச்சுக்கோ" என்றார்.

"காலத்துக்கும் கேக்கப்போறது இது. அரைகுறையா எதுக்கு? நாளைக்கு நல்லா வரும்."

இவர் எழுந்து உள்ளே போனார். என் பிடிவாதம் இவருக்குத் தெரியாததா? அழித்தேன்.

பிப்ரவரி 13
மருத்துவமனையிலிருந்து போன். தேதியை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நாளை மறுநாள் காலையிலேயே சேர வேண்டுமாம். இவர் இரவெல்லாம் இருமினார்.

பிப்ரவரி 14
ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. திட்டிக்கொண்டே டிவியின் பழைய ஸ்பீக்கரை எடுத்து ஒயரில் மாட்டினேன். அழுத்தினேன். விரலோடு வந்தது சத்தம்! கணினியை நோண்டி நோண்டி நாளைக் கடத்தினேனே — கோளாறு அந்த ப்ளூடூத்தில்தான் இருந்திருக்கிறது.

"என்னங்க, சீக்கிரம் வாங்க, சரியாயிடுச்சு!"

வந்தார். பக்கத்தில் நின்றார். நான் ஆரம்பித்தேன். இவர் வாயைத் திறந்தார் — வெறும் காற்று. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். காற்றுதான். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. "போதுங்க, விடுங்க, போதும்" என்று நான்தான் கட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

பிப்ரவரி 15
கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மார்ச் 6
கழுத்தில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதையே எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்று சாப்பிட்டதும் கணினியைக் காட்டினார். காதைத் தொட்டார். பதிவைப் போடச் சொல்கிறார். மாத்திரை, தலையணை என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். விடவில்லை, மறுபடியும் காட்டினார்.

"ஒண்ணுகூட இல்லங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நல்லதா ஒண்ணு வரும்னு..."

என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா? முன்பெல்லாம் அடுத்த அறையிலிருந்தே தெரிந்துவிடும். இன்று கட்டிலைச் சுற்றிப் போய் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டிருந்தார்.