அப்பாவும் மேகவண்ணனும்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று போதகர் விக்கிரகங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். "வீட்டுல சிலை வைக்கலைன்னு பெருமைப்பட்டுக்காதீங்க. யாரு சொன்னாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருது, அதைப் பாருங்க" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வேதப் புத்தகத்துக்குள் போனை வைத்து மேகவண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை. பக்தி இருந்தது.

மேகவண்ணன் யூடியூபில் மழை சொல்கிறவர். "பதற்றம் வேண்டாம் மக்களே, பக்குவமா கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கஜா புயலில் எங்கள் கூரை போனதிலிருந்து அவரைக் கேட்காமல் அப்பா எதுவும் செய்வதில்லை. நாற்று விட, உரம் போட, அம்மா வடகம் காயவைக்க, எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வானிலை, அம்மாவுக்கு மனநிலை. எனக்குத்தான் ஒரு நிலையும் இல்லை என்கிறார் பிசிக்ஸ் சார்.

ஜனவரி 21, செவ்வாய்

குடும்ப ஜெபம். "கர்த்தாவே, எங்க பயிரை உம்முடைய கையில—" என்று அப்பா சொல்லும்போது போன் டிங் என்றது. கர்த்தரை ஹோல்டில் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். நான் பயபக்தியோடு, "ஆமென், மேகவண்ணா" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டதால் அடியில் பலம் இல்லை.

சம்பா நெல் மஞ்சள் தட்ட ஆரம்பித்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் நிற்க வேண்டுமாம். குத்தகை நிலம். கார்த்திகை முழுக்க அம்மா குனிந்து களை எடுத்த நிலம். இந்த நெல் ஒழுங்காக வீடு வந்தால்தான் இந்த வருஷம் எங்களுக்கு வருஷம்.

ஜனவரி 23, வியாழன்

என் தோழி வானதி வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்தேன். அவள் அப்பா ரெங்கசாமி மாமாவின் போனில், மேகவண்ணன் குரலில் பேசிப் பதிவு செய்து, என் அப்பாவுக்கு அனுப்பிவிட்டோம். "பதற்றம் வேண்டாம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை டெல்டாவுல பேய்மழை. நிக்கிற நெல்லை நாளைக்கே அறுத்திருங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும் சமைக்காதீங்க, பரோட்டா வாங்கிச் சாப்பிடுங்க."

பரோட்டா வரியில் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்! சாயங்காலம் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்பாவுக்கும் இவ்வளவு நடிப்பு வருமா?

ஜனவரி 24, வெள்ளி

நடிப்பு இல்லை.

காலையில் பல் விளக்கும்போது அறுப்பு மெஷின் சத்தம் கேட்டது. எங்கள் வயல் பக்கம் போனது. வாயில் நுரையோடு ஓடினேன்.

டிரைவர் செந்தில்குமார் அப்பாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னும் பச்சையா இருக்குண்ணே. பாதி அரிசியே இல்லாத கருக்காயாத்தான் கொட்டும். கவர்மென்ட் கொள்முதல்ல வாங்கவே மாட்டாங்க."

"நீ இறக்கு தம்பி. மேகவண்ணனே சொல்லிட்டாரு."

"அப்பா, அது நான்தாம்ப்பா."

"எது நீ?"

"மழை."

"வெளையாடுற நேரமா இது? ரெங்கசாமி அண்ணன் அனுப்புனது. போ அந்தாண்ட."

மெஷின் வரப்பைத் தாண்டியது. நான் போய் அதன் முன்னால் நின்றேன். மேகவண்ணன் குரலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "பதற்றம் வேண்டாம் மக்களே, பக்குவமா கேளுங்க!"

மெஷின் நின்றது. செந்தில்குமார் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சத்தம் கேட்டு வந்த ரெங்கசாமி மாமா அப்பாவிடம், "நாங்களாச்சும் எங்க சாமிகிட்டப் பூப் போட்டுக் கேப்போம். நீ ரீசார்ஜ் போட்டுக் கேக்குறியேப்பா பகலவா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அடிச்சிருக்கலாம்ப்பா. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? கொஞ்சம் லேட்டா எந்திரிச்சிருந்தா— அம்மாவோட கார்த்திகை மொத்தமும்—

ஜனவரி 25, சனி

அப்பா பேசவில்லை. என் ஜோக்குகளும் பேசவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது அப்பாவே ஆரம்பித்தார். "பொறந்ததுலேருந்து கேக்குற குரல். அது எனக்குத் தெரியல பாரு."

'நல்லா பண்ணேன்ல?' என்று வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டேன்.

"பயம் பூவிழி. கஜா அன்னைக்கும் ஜெபம் பண்ணேன். கூரை போச்சு. அதுலேருந்து எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும்னு..."

மேகவண்ணன் பாவம். அவர் 'வாய்ப்பு உண்டு' என்று மட்டும்தான் சொல்கிறார். பீடத்தில் ஏற்றியது நாங்கள்தான். அவருக்கு எங்கள் வயலும் தெரியாது, எங்களையும் தெரியாது. கூரை போன அன்று சபைக் கோயிலுக்குள் மூன்று பேரும் ஒரே போர்வையில் உயிரோடு இருந்தோமே, அதற்கு யாருக்கு நன்றி சொன்னோம்? நினைவில்லை.

சரி, நான் யாரை நம்புகிறேன்? நாலு பேர் சிரித்துவிட்டால் நான் செய்தது சரி என்று நம்புகிறேன். அதுவும் ஒரு சின்னச் சாமிதான் போல. மெஷின் முன்னால் நின்றபோது அது உதவிக்கு வரவில்லை. உள்ளுக்குள் "இயேசப்பா, இயேசப்பா" என்று மட்டும்தான் வந்தது. அது மிமிக்ரி இல்லை.

ஜனவரி 30, வியாழன்

சனிக்கிழமை மழைக்கு வாய்ப்பாம். நிஜ மேகவண்ணன் சொன்னது. செந்தில்குமார் போன் செய்து, "நாளைக்கு வந்துறட்டாண்ணே?" என்று கேட்டார். அப்பா வயலில் இறங்கினார். ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி, நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்."

"மழை வந்துட்டா?" என்றார் அம்மா.

"வரும்னுதான் சொல்றாங்க. இப்ப அறுத்தா நிச்சயமா நட்டம். நமக்குத் தெரிஞ்சதைச் செய்வோம். மிச்சத்தை அவருகிட்ட சொல்லிட்டேன்."

"எவருகிட்டப்பா?" என்றேன் அப்பாவியாக.

அப்பா செருப்பை நோக்கிக் குனிந்தார். ஓடிவிட்டேன். அப்பாடா, பழையபடி ஆகிவிட்டார்!

பிப்ரவரி 1, சனி

பெய்தது. வாய்க்கால் ஓரம் நெல் சாய்ந்துவிட்டது. மற்றது நிற்கிறது. அப்பா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். குறட்டை, இடியைவிடச் சத்தமாக.

பிப்ரவரி 8, சனி

அறுப்பு. மெஷின் இறங்குவதற்கு முன், அப்பா தலைத்துண்டை எடுத்துவிட்டு, "பூவிழி, நீ ஜெபம் பண்ணு" என்றார்.

வேறு நாளாக இருந்தால் போதகர் குரலில் வெளுத்து வாங்கியிருப்பேன். இன்று என் சொந்தக் குரல்தான் வந்தது. "இயேசப்பா, நிக்கிற நெல்லும் உம்முது, சாஞ்ச நெல்லும் உம்முது. எங்களைப் பாத்துக்குங்க." அதற்கு மேல் வரவில்லை. கண்ணைத் திறந்தால், நெற்றி நிறைய விபூதியோடு செந்தில்குமாரும் கைகூப்பி நிற்கிறார். அப்பா சொன்ன ஆமென் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

நின்ற நெல் நல்ல நெல்லாக வந்தது. வாய்க்கால் ஓரம் சேறு காயாததால் மெஷின் இறங்காது. சாய்ந்ததை அறுக்க நாங்கள் மூன்று பேரும் அரிவாளோடு இறங்கினோம். பாதியில் அப்பா கீர்த்தனை பாட ஆரம்பித்தார். சுருதி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். கிண்டல் பண்ண எவ்வளவோ இருந்தது. கூடச் சேர்ந்து பாடிவிட்டேன்.