வேலிக்கு அப்பால் மீல் டாரக்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டிறைச்சியை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். தட்டின் நடுவில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஓரங்கள் மட்டும்தான்.

"மீல் டாரக் ஒண்ணுதான் பாக்கி. இந்த வருஷம் விட்டா அப்புறம் கிடையாது," என்றார். ஸ்காட்லாந்தில் எங்கள் மாவட்டத்துச் சின்ன மலைகள் அத்தனையும் ஏறி முடித்தவர்கள் மலையேறிகள் சங்கத்தில் நான்கு பேர். அப்பா ஐந்தாவதாக வேண்டும்.

அது ஏன் பாக்கி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்: "பதினோரு வயசுல பாதி வழியில உக்காந்து அழுதியே. உன்னாலதான் போச்சு அந்த மலை." ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லும் கதை. அன்றைக்கு என் பூட்ஸுக்குள் ரத்தம் கட்டியிருந்தது கதையில் வராது. உச்சியில் இருக்கும் கற்குவியலைக் கையால் தொட்டால்தான் ஏறிய கணக்கு – எங்கள் வீட்டில் அதுதான் வேதம்.

செப்டம்பர் 6

எந்த வழி என்று தகராறு. மேற்கு வழி பண்ணையிலிருந்து ஓடையோரமாக நேரே உச்சிக்கு; சுவர் மாதிரி செங்குத்து. அக்டோபர் இருபது வரை அந்தப் பக்கம் கலைமான் வேட்டை, போகக் கூடாது. கிழக்கு வழி காட்டுப் பாதை. நீளம், ஆனால் மெல்ல ஏறும்.

"கிழவிங்க போற வழி," என்றார். "கென்னத் இருந்தா என்னை முதுகுல தூக்கிட்டாவது மேற்குல ஏத்தியிருப்பான்."

கென்னத் என் தம்பி. கனடாவில். அப்பாவுக்குப் போன் செய்து மூன்று வருடம் ஆகிறது.

செப்டம்பர் 13

கிழக்கு வழி. சங்கத்தாரை அப்பா அழைக்கவில்லை. தடுமாறுவதை அவர்கள் பார்க்கக் கூடாதாம். நான் பார்க்கலாம். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஏன் ஷோனா, எனக்கும் சேர்த்து நீயே மூச்சு வாங்குறியா?"

மூடுபனி. கிழக்கு மேட்டில் பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. உச்சி அதுவல்ல, வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது – ஒரு பள்ளம், ஒரு வேலி, அதற்கு அப்பால்தான் உச்சி. மூச்சு வாங்கத்தான் நின்றேன். அவருடைய கைத்தடி கல்லில் மோதியது.

"வந்துட்டோமா?"

வந்துட்டோம், என்றேன்.

கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் கல்லைத் தடவினார். குழந்தையின் தலையைத் தடவுவது போல. என் தலையை அப்படித் தடவிய ஞாபகம் இல்லை. விஸ்கி எடுத்தார், எனக்கும் ஒரு மூடி ஊற்றினார்.

"பாத்தியா, அழாம ஏறினா எவ்வளவு சுலபம்னு."

அதற்கு முந்தைய நொடிவரை உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்புறம் முடியவில்லை. முடியவில்லையா – மனம் வரவில்லையா?

செப்டம்பர் 14

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 27

ரொட்டிக் கடையில் சங்கச் செயலாளர் ஆர்ச்சி அப்பாவைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே, முடிச்சிட்டீங்களாமே! அந்தப் புது முள்வேலியை எப்படித் தாண்டினீங்க? போன மாசம் போனேன், என் கால்சட்டையோட பாதி மானம் இன்னும் அங்கதான் தொங்குது."

அப்பா அசையாமல் நின்றார். பிறகு, "பொண்ணு தூக்கி விட்டா," என்றார்.

காரில் பாலம் தாண்டிய பிறகு: "இன்னும் எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"பத்து நிமிஷம்."

"ஆர்ச்சிகிட்ட சொல்லிடாதே."

அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். முப்பத்தைந்து வருஷத்தையும் கொட்டியிருப்பேன்.

அக்டோபர் 12

கண் இன்னும் மோசம். இனி மலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நவம்பர் கடைசியில் சங்க விருந்து. முடித்தவர் எழுந்து நின்று, தன் கடைசி உச்சி எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும், அது வழக்கம். கேட்பவர்கள் எல்லோரும் அந்த மலையை ஏறியவர்கள்.

"வேட்டை முடிஞ்சதும் நீ போய் அங்க என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

உப்பை எடு என்பது போலச் சொன்னார்.

அக்டோபர் 25

மேற்கு வழி. தனியாக. சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற முடிந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

உச்சியில் ஒன்றுமே இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கற்கள், பக்கத்தில் கறுப்பாக ஒரு குட்டை. தூண் கிடையாது, பலகை கிடையாது. இதற்காகவா? கல்லைத் தொட்டேன். தொட்டுட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். ஓர் ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

இறங்கும்போது மனம் இளகியிருந்தது. குட்டையில் மேகம் போனதைக்கூட விடாமல் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கையால் தொட்டது போல இருக்க வேண்டும்.

அக்டோபர் 26

சூப் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "மேற்கு வழியில ஏறினேன்பா. தொட்டுட்டேன்."

"யார் பாத்தா?"

"யாரும் இல்ல."

"அப்போ கணக்குல வராது." கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பைத் தேடினார். "சரி, அங்க என்ன இருக்கு? அதைச் சொல்லு."

சொன்னேன். ஆள் உயரத்துக்கு வெள்ளையடித்த தூண். அதன் தலையில் பித்தளைத் தகடு. தெற்குப் பக்கம் பார்த்து ஒரு மர பெஞ்சு.

"வெள்ளைத் தூண். பித்தளைத் தகடு. மர பெஞ்சு," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "தூண் தொட்டா சில்லுன்னு இருக்குமா?"

"ரொம்ப," என்றேன்.

நவம்பர் 29, சனி

விருந்து இன்று மாலை. விசேஷங்களுக்கு ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடைக்கு இஸ்திரி போட்டு, அப்பாவுக்கு வாரைக் கட்டிவிட்டேன். தன்னைப் பார்க்க முடியாத கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார்: "நண்பர்களே, அந்த வெள்ளைத் தூண் மேல கை வெச்சேன் பாருங்க, சில்லுன்னு..." குரல் நடுங்குகிறது. சந்தோஷத்தில்.

ஆர்ச்சி போன் செய்தான். அறுபது பேர் வருகிறார்களாம். எனக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறானாம், அப்பாவுக்கு நேர் எதிரே.

இப்போதும் சொல்லிவிடலாம். இன்னும் கோட்டுகூடப் போடவில்லை.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்கிறார்.

நல்லா இருக்கீங்கப்பா, என்றேன்.